விலாங்குக்கும் ஒரு வழி விடுங்கள்

தாமிரபரணியைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத்துறை பொறியாளர்களுக்கு வணக்கம்.

அணைக்கட்டில் மராமத்து என்றால் ஷட்டர், மதகு, கரை என்று பேச்சு போகும். சரி, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மீனுக்கும் அதே ஆறுதானே.

சால்மனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆற்றில் பொரிந்து, கடலில் தின்று வளர்ந்து, உடம்பில் கொழுப்பு சேர்ந்ததும் பிறந்த ஆற்றுக்கே ஏறி வரும். ஆற்றுக்குள் வந்தபின் இரையை அநேகமாக விட்டுவிடும், சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் சினை முற்றுகிறது, ஆணுக்குத் தாடையே கொக்கியாக வளைந்துவிடுகிறது. பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதோடு செத்துப்போகும்.

நம் ஆற்று விலாங்கு இதற்கு நேர் எதிர். கடலில் பிறந்து, சின்னக் குஞ்சாகப் புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாக ஏறி, வருடக்கணக்கில் நல்ல தண்ணீரில் வளர்கிறது. மழைக்காலத்தில் கெண்டையை அறுத்தால் சினை கொத்தாக வரும். மணிக்கட்டுத் தடிமன் விலாங்கை அறுத்தாலும் முற்றிய சினையைப் பார்க்க முடியாது. 1876-ல், பின்னாளில் உளப்பகுப்பாய்வால் பேர்பெற்ற சிக்மண்ட் ஃப்ராய்ட், மாணவராக இருந்தபோது இத்தாலிப் பக்கம் டிரியெஸ்டில் சுமார் 400 ஐரோப்பிய விலாங்குகளை அறுத்து விதைப்பையைத் தேடியும் முடிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. காரணம் இதுதான்: கடலுக்குக் கிளம்பும் சமயத்தில்தான் அதற்குக் கண் பெரிதாகி, குடல் சுருங்கி, உடம்பு வெள்ளி நிறமாகத் தொடங்கும், சினை முற்றுவது கடலுக்குப் போன பிறகே. முட்டையிடுவதும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

அப்படியென்றால் ஏறவும் இறங்கவும் வழி வேண்டும், இரண்டில் எது அடைபட்டாலும் அடுத்த தலைமுறை கிடையாது. கடலிலிருந்து வருகிற குஞ்சுக்கு எதிர்ப்படும் பழைய பாசன அணைக்கட்டுகளில் முதலாவது ஸ்ரீவைகுண்டம், அதைத் தாண்டினால் மருதூர், அப்புறம் இன்னும் ஆறு அணைக்கட்டுகள். விலாங்குக் குஞ்சுக்குத் தாவத் தெரியாது, ஆனால் ஈரமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் சுவரில்கூட ஊர்ந்து ஏறிவிடும். காய்ந்து கிடக்கும் வழவழப்பான கான்கிரீட்டில் அது என்ன செய்யும்?

அமெரிக்காவில் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை இடித்தார்கள், சால்மன் மேலே ஏறியது. இங்கே எதையும் இடிக்கச் சொல்லவில்லை. அடுத்த மராமத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் ஓரமாக, கல் பதித்த சாய்வுப் பாதை ஒன்று வையுங்கள், அது எப்போதும் நனைந்திருக்க ஒரு குழாய்த் தண்ணீர் கசிந்தால் போதும். எந்தக் கரை ஓரமாகக் குஞ்சு ஏறுகிறது என்று, வரைபடம் போடும் முன்னால் அங்கே வலை வீசுகிறவர்களிடம் கேளுங்கள்.