தேர்ச்சி சதவீதத்துடன் மாணவர் விவரமும் வெளியாக வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள், மாவட்டம் மாநிலத்தில் எத்தனையாவது இடம், அரசுப் பள்ளிகள் எத்தனை சதவீதம், உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் எத்தனை சதவீதம் என்று தங்கள் நாளிதழின் மதுரைப் பக்கங்களில் வரும் விவரங்களை ஆண்டுதோறும் தவறாமல் படித்து வருகிறேன். உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சதவீதத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் யார், ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் தேர்வறை வரை வந்து சேர்ந்தார்கள் என்ற விவரம் மட்டும் எந்த ஆண்டும் வெளிவருவதில்லை. அதை வெளியிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதம்.

சதவீதம் கணக்கிடப்படும் முறையையே எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டு பிளஸ் 2 தேர்வை 8,03,385 பேர் எழுதியதாகவும், அவர்களில் 7,55,451 பேர் தேர்ச்சி பெற்றதாகவும், ஆகவே தேர்ச்சி 94.03 சதவீதம் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 13ஆம் தேதி நடந்த தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே உலுக்கியது நினைவிருக்கும். வராதவர்கள் அந்த 94.03க்குள் இல்லை. தேர்வுக்கே வராத பிள்ளையால் ஒரு பள்ளியின் சதவீதம் குறைவதில்லை. வந்து எழுதி, நான்கு மதிப்பெண்ணில் தவறிய பிள்ளையால்தான் குறைகிறது.

அப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு வரை ஆங்கில வழியில் படித்தவன். மே மாதத்தில் பெற்றோரை அழைத்து, 'இங்கே பத்தாம் வகுப்பு தாங்க மாட்டான்' என்று சொல்லி டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கு வந்தபோது அவனுக்குப் பின்னங்களைக் கூட்டவே தெரியாது. 'பகுதி', 'தொகுதி' என்ற தமிழ்ச் சொற்களும் அவனுக்குப் புதியவை. மாலை வகுப்பில் தினமும் என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கணிதத்தில் 31 எடுத்தான்; 35 எடுத்திருந்தால் தேர்ச்சி. அவனை அனுப்பிய பள்ளி அந்த ஆண்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேருந்து நிலையத்தில் பிளெக்ஸ் வைத்தது. எங்கள் தலைமையாசிரியர் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று தேர்ச்சி குறைந்ததற்கு விளக்கம் சொன்னார். அந்த மாணவன் ஜூலையில் துணைத்தேர்வு எழுதித் தேறினான் என்பதைக் கேட்க அப்போது எந்தக் கூட்டமும் இல்லை.

எங்கள் பள்ளிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கள்ளர் உள்ளிட்ட சில சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிவதை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் உயிரிழந்த காலத்தை ஒட்டித் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் பிறந்தவை இப்பள்ளிகள். இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்குகின்றன. பெயரைப் பார்த்து ஒரே சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் பாடம் நடத்திய எந்த வகுப்பும் அப்படி இருந்ததில்லை. பட்டியல் சமூகத்துப் பிள்ளைகளும், விடுதியில் தங்கிப் படித்தவர்களும், பெற்றோர் முறுக்குக் கம்பெனி வேலைக்கு வெளிமாநிலம் போய்விட அப்பத்தாவிடம் வளர்ந்தவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மல்லிகைச் சீசன் உச்சத்துக்கு வருவதும் பொதுத்தேர்வு நடப்பதும் ஏறக்குறைய ஒரே காலம். என் வகுப்பில் ஒரு மாணவி விடியுமுன் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மாவுடன் பூ எடுக்கப் போவாள். மொட்டு விரிவதற்குள் பறித்து, எடை போட்டு, முதல் பேருந்தில் ஏற்றிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் பள்ளிக்கு ஓடிவருவாள். முதல் பாடவேளையில் அவள் கண் சொக்கும். அதட்டியிருக்கிறேன், ஒரு நாள் அவள் நோட்டை வாங்கியபோது தாளெல்லாம் மல்லிகை மணந்ததற்குப் பிறகு அதட்டவில்லை. அவள் 68 வாங்கினாள். நாலு டியூஷனுக்குப் போய் 90 வாங்கும் பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, வேறொன்றும் சொல்லாமல் விடுவது நியாயமான கணக்கு ஆகாது.

கடந்த ஆண்டு மகள் வீட்டில் ஹூஸ்டன் நகரில் ஆறு மாதம் இருந்தேன். பேரன் படிப்பது சார்ட்டர் பள்ளியில். அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பொதுப்பள்ளிகளை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். மினசோட்டா மாநிலம் 1991இலும் டெக்சாஸ் 1995இலும் இதற்குச் சட்டம் இயற்றின. டெக்சாஸில் ஒவ்வொரு சார்ட்டர் நிர்வாகத்தையும் ஒரு பள்ளி மாவட்டமாகவே (அதாவது, பள்ளிகளை நடத்தும் தனி உள்ளூர் நிர்வாகமாகவே) கொண்டு மாநிலக் கல்வித் துறை ஆண்டறிக்கை வெளியிடுகிறது. தேர்வு முடிவு எந்த அறிக்கையில் இருக்கிறதோ அதே அறிக்கையில், கறுப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்), ஆசியர், வெள்ளையர் எத்தனை சதவீதம், பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் எத்தனை, ஆங்கிலத்தை இப்போதுதான் கற்று வருபவர்கள் எத்தனை, சிறப்புக் கல்வி பெறுபவர்கள் எத்தனை என்று இருக்கிறது. ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியும் தனித்தனியே இருக்கிறது. ஆண்டில் ஆறு வாரமோ அதற்கு மேலோ அப்பள்ளியில் இல்லாத பிள்ளைகளின் விகிதம்கூட உண்டு. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி எண்தான். நம் ஊரில் மே மாதத்து டி.சி.க்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சார்ட்டர் பள்ளிகளில் இடத்தை மிஞ்சி விண்ணப்பம் வந்தால் குலுக்கல் போடுகிறார்கள். விண்ணப்பிப்பதே அக்கறையுள்ள பெற்றோர்தான், அதனால் தேர்ச்சி கூடித் தெரிகிறது என்ற வாதம் அங்கே ஓயாமல் நடக்கிறது. ஆனால் இரு தரப்பாரும் கையில் எண்களை வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். பின்னணியைச் சொல்வது மோசமான தேர்ச்சிக்குச் சாக்காகிவிடும் என்று இங்கே அஞ்சுபவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது: ஒரே மாதிரிப் பிள்ளைகள் படிக்கும் இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போதுதான், எங்கே ஆசிரியர்கள் உழைக்கிறார்கள், எங்கே கணக்கு டீச்சர் பணியிடமே இரண்டு ஆண்டாகக் காலியாகக் கிடக்கிறது என்பது மறைக்க முடியாமல் தெரியவரும்.

ஒரு எச்சரிக்கை அவசியம். சாதி விவரத்தைப் பள்ளிவாரியாக வெளியிடக் கூடாது. நம் கிராமங்களில் அது பிள்ளைகளுக்கே தீங்காக முடியும். அதை ஊராட்சி ஒன்றிய அளவில் தொகுத்தால் போதும். டெக்சாஸ் அறிக்கையிலும் ஒரு பிரிவில் மிகச் சில பிள்ளைகளே இருந்தால் எண்ணை மறைத்து உடுக்குறி (*) போட்டுவிடுகிறார்கள்.

இந்த விவரங்களில் பெரும்பகுதியை ஆசிரியர்கள் ஏற்கெனவே எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளத்தில் பதிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். புதிதாக ஒரு படிவமும் தேவையில்லை. 2023 தமிழக பட்ஜெட்டில், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உட்படப் பிற துறைகள் நடத்தும் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது இப்பகுதியில் எழுந்த எதிர்ப்பைத் தாங்கள் அறிவீர்கள். நிர்வாகம் எந்தத் துறையிடம் இருந்தாலும், இப்பள்ளிகளின் கணக்கு பெரிய கூட்டுத்தொகையில் கரைந்து போகாமல் தனியே காட்டப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அடுத்த ஆண்டு முடிவுகள் வரும்போது, எல்லா வகைப் பள்ளிகளுக்கும், ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் இருந்தவர்கள், இடையில் டி.சி. பெற்றுப் போனவர்கள், புதிதாக வந்தவர்கள், தேர்வு எழுதியவர்கள், அவர்களில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள் ஆகிய ஐந்து எண்களையாவது தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் வெளியிடுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அரசு வெளியிடும் வரை, தங்கள் நிருபர்கள் நூறு சதவீதம் காட்டும் பள்ளிகளிடம் முதல் இரண்டு எண்களையாவது கேட்டு அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.