படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் கைகளைக் கழுவிவிட உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா வட்டாரத்துத் தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தாலும், பக்கவாதம் வந்தாலும், மூச்சிரைப்பு முற்றினாலும் பெரும்பாலும் நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாநகராட்சி மருத்துவமனையில்தான். சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்து வந்த டப்பாவைத் திறந்து, சோற்றில் ரசத்தை ஊற்றி, ஆச்சியின் முன்னால் வைக்கிறோம். அவரும் கையை வைத்துப் பிசைந்து சாப்பிடுகிறார். அந்தக் கை காலையிலிருந்து கட்டில் கம்பியைப் பிடித்திருக்கிறது, இருமும்போது வாயைப் பொத்தியிருக்கிறது, பெட்பானைத் தொட்டிருக்கிறது. வாஷ்பேசினோ வார்டின் கோடியில் இருக்கிறது. எழுந்து போக அவரால் முடியாது. கேட்கவும் கூச்சம். மவுசிக்கு, அதாவது வார்டு ஆயாவுக்கு, முப்பது கட்டில் வேலை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மருத்துவமனையில் கை சுத்தம் என்றாலே டாக்டர், நர்ஸ் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அது சரிதான். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் போகும் டாக்டர்கள் குளோரின் கரைசலில் கை கழுவியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று ஐந்து தருணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்த ஐந்தும் ஊழியர்களின் கைகளுக்கானவை. நோயாளியின் கையைக் கழுவிவிட ஒருவர் வேண்டும் என்பதுதான் எங்கள் குழு எடுத்துக்கொண்டிருக்கும் வேலை.

சானிடைசர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. மூட்டுவாதத்தில் விரல் கோணியவர்களால் பம்பை அழுத்தவோ, ஈர டிஷ்யூ பாக்கெட்டைப் பிரிக்கவோ முடிவதில்லை. கையில் சோறும் அழுக்கும் ஒட்டியிருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. முக்கியமாக ஒன்று: ஆன்டிபயாடிக் மருந்து அதிகம் எடுக்கும் முதியவர்களுக்கு வரும் ஒருவகை வயிற்றுப்போக்கின் கிருமி, வித்து வடிவில் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹாலுக்கு அது சாகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத்தான் அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு முன்பும் பெட்பானுக்குப் பின்பும் கட்டிலருகிலேயே பேசினை வைத்துச் சோப்பு போட்டுக் கழுவிவிடுவோம். சானிடைசர் இடைப்பட்ட நேரத்துக்கு மட்டும்.

பக்கவாதம் வந்தவர்களின் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பலருக்கு விரல்கள் மடங்கி முஷ்டியாக இறுகிவிடும். உள்ளங்கை காற்றே படாமல் வியர்த்து, தோல் வெளுத்து ஊறி, நாற்றமடிக்கும். நகம் சதையில் குத்திப் புண்ணாகும். பதறிப்போய் விரலைப் பிடித்து இழுத்தால் வலிக்கும், கை இன்னும் இறுகும். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமே கொஞ்சம் தளரும். அப்போது கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் சுருட்டிய மெல்லிய துணி ஒன்றை வைக்கவேண்டும். ஒரு கைக்கே பத்து நிமிடம் ஆகும். அவசரப்படாமல் இதைச் செய்ய ஆள் வேண்டும். நாங்கள் பணம் கேட்பதே முக்கியமாக இதற்காகத்தான்.

நம் பகுதியைச் சேர்ந்த இரண்டு பெண்களைப் பகுதிநேர வேலைக்கு வைக்கிறோம். காலை, மதியம், இரவு சாப்பாட்டு வேளைகளில் இரண்டு வார்டுகளில், அறுபது கட்டில்களுக்கு அவர்கள் பொறுப்பு. டிரிப் ஊசி இருக்கும் இடத்தை நனைக்காமல் கழுவுவது எப்படி, வயதானவர்களின் மெல்லிய தோலை உரசாமல் துடைப்பது எப்படி என்று வார்டு சிஸ்டரே சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையின் அனுமதியும் கிடைத்துவிட்டது. தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்காகக் கை கழுவும் படம் போட்ட அட்டை ஒன்றும் கட்டிலில் மாட்டப்படும். அதைக் காட்டினாலே மவுசிக்குப் புரியும். தமிழர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், அந்த வார்டில் யார் படுத்திருந்தாலும் கழுவிவிடுவோம்.

செலவு இதுதான். சின்ன பேசின், மூக்கு வைத்த மக், சோப்பு பாட்டில், நகவெட்டி அடங்கிய செட் ஒன்றுக்கு 300 ரூபாய், 60 கட்டிலுக்கு 18,000. திரவ சோப்பு, சானிடைசர், கை வறண்டு வெடிக்காமல் தடவத் தேங்காய் எண்ணெய் எல்லாம் மாதம் 6,000 வீதம் ஆறு மாதத்துக்கு 36,000. இருவருக்கும் சம்பளம் தலா 8,000 வீதம் ஆறு மாதத்துக்கு 96,000. மொத்தம் 1,50,000 ரூபாய். இதில் 42,000 குழு உறுப்பினர்களே போட்டுவிட்டோம். மீதி 1,08,000 உங்களிடமிருந்து வரவேண்டும். ஐம்பது ரூபாயானாலும் கொடுங்கள், ரசீது உண்டு. 300 கொடுத்தால் ஒரு கட்டிலுக்கான செட் உங்கள் பங்கு. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் நினைவாக ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்பவர்கள் இருந்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

பணம் கொடுக்க வசதிப்படாதவர்கள் பழைய பருத்தி வேட்டிகளைத் தாருங்கள். பலமுறை துவைத்து மெத்தென்றான வேட்டிதான் கை துடைக்க நல்லது. ஜரிகையை வெட்டிவிடுங்கள், பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். அவற்றைக் கிழித்து, கொதிநீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்துக் கட்டிலுக்கு இரண்டு என்று பிரிப்போம். ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகாமல் நூலால் அடையாளம் போடும் தையல் வேலைக்கும் ஆட்கள் தேவை.

வசூலுக்கு வரும் உறுப்பினரிடம் குழுவின் முத்திரை வைத்த ரசீதுப் புத்தகம் இருக்கும். அது இல்லாமல் யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் முதல் ஞாயிறன்று கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சந்தேகம் இருப்பவர்கள் அன்று மாலை வந்து பில்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள், தாராவி