கேபிளில் பாட்டு போகிறது, பேட்டரிக் கணக்கு போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சார காரில் கோடை மலைப் பயணம் போவது பற்றி சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போனை காரோடு இணைத்துவிட்டால் வழியும் சார்ஜர் இருக்கும் இடமும் திரையிலேயே வந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தார்கள். வழி வருகிறது, அதில் குறையில்லை. சார்ஜர் விஷயத்தில் என் அனுபவம் வேறு. அதை நம்பி வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு யாரும் மலையேறிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இந்தக் கடிதம்.

நான் 33 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். பணிக்கொடையில் ஒரு பகுதியைப் போட்டு மின்சார கார் வாங்கினேன். 30 யூனிட் பேட்டரி. மதுரைக்குள்ளும், விருதுநகர், திண்டுக்கல் என்று சமதளத்திலும் ஓட்டும்வரை ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுக்கும். இந்தக் காரை நான் மிகவும் விரும்புகிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. 84 வயதான அம்மா, தம்பி மனைவி, கல்லூரியில் படிக்கும் தம்பி மகன், நான் என்று நான்கு பேர் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பேட்டரி 95 சதவீதம். இன்னும் 200 கிலோமீட்டர் போகலாம் என்று காரின் மீட்டர் காட்டியது. போனை கேபிளில் சொருகியதும், போனில் உள்ளதைக் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாக மேப் வந்தது. கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் என்றது. 200-ல் 120 போனால் மீதி 80. யார் பார்த்தாலும் நிம்மதியாகக் கிளம்பத்தான் செய்வார்கள்.

அந்த இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. மீட்டர் காட்டிய 200, அதற்கு முன் நான் சமதளத்தில் ஓட்டிய ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. போனில் இருக்கும் மேப்புக்கு மலை தெரியும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் தெரியும். ஆனால் தான் வழிகாட்டுவது பெட்ரோல் காருக்கா மின்சார காருக்கா, பேட்டரியில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

மலை எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்பது பிளஸ் ஒன் மாணவர் போடக்கூடிய கணக்குதான். ஆட்களோடு சேர்த்து கார் 1,800 கிலோ. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 2,000 மீட்டர் உயரம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் மூன்றரைக் கோடி ஜூல் வருகிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, காரை மேலே தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 10 யூனிட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 11. என் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரத்துக்கே போய்விடுகிறது. 120 கிலோமீட்டர் ஓடுவதற்கான செலவு தனி.

இது தெரிந்துதான் வத்தலக்குண்டு பக்கம் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிட்டிருந்தேன். அங்கே ஒரு சார்ஜர் இருப்பதாக மேப் காட்டியது. திறந்திருக்கிறது என்றும் போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் வண்டியில் சொருகும் கன் தொங்குகிறது, திரை இருட்டாக இருக்கிறது. "அது ஓடி ரெண்டு மாசமாச்சும்மா" என்றார் வாட்ச்மேன். மேப்பில் திறந்திருப்பதாகக் காட்டியது சார்ஜர் இருந்த ஓட்டலின் நேரத்தை. சார்ஜர் ஓடுகிறதா என்பது அதில் எங்கேயும் இல்லை.

அப்போது பேட்டரி 66 சதவீதம். கொடைக்கானல் போக வாங்கிய இ-பாஸ் பிரிண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே போய்ச் சேரும்போது இரண்டு மூன்று சதவீதம் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அக்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் ஒரு விடுதியில் இன்னொரு சார்ஜர் இருப்பதாக மேப் காட்டவே, அதை நம்பி ஏறினோம். டம் டம் பாறை தாண்டும்போதே ஏ.சி.யை நிறுத்திவிட்டோம். அந்த விடுதியில் போய்க் கேட்டால், தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் சார்ஜர் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி மகன் வேறொரு சார்ஜர் நிறுவனத்தின் செயலியை இறக்கிப் பார்த்தான். பதிவு செய்ய ஓ.டி.பி. வர வேண்டும். அந்த வளைவில் சிக்னலே இல்லை.

பெருமாள்மலைக்கு வந்தபோது 9 சதவீதம். இன்னும் 12 கிலோமீட்டர் ஏற்றம் பாக்கி. அங்கே ஒரு வொர்க்‌ஷாப்பில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். வைத்திருந்தவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். "பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்குக்கா, போட்டுக்கோங்க" என்று வெல்டிங் மிஷினின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் நாலரை யூனிட் போல ஏறியது. அம்மாவுக்குக் குளிர் தாங்காது என்று உள்ளே உட்காரவைத்துச் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். 200 ரூபாய் கொடுத்தேன், 100 போதும் என்று மீதியைத் திருப்பிவிட்டார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் சில்வர் காஸ்கேடு அருவியைத் தாண்டியிருப்போமா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

இறங்கும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது 62 சதவீதம். வத்தலக்குண்டுக்கு வந்து பார்த்தால் 70. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதுவும் மேப்புக்குத் தெரியாது. மேலேயே 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இந்த வரவு கிடைக்காது, திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் பிடித்து நிறுத்துவதும் குறையும், சாதாரண பிரேக்குக்குத்தான் முழு வேலையும். மலையில் தங்கிவிட்டு வருகிறவர்கள் 80, 85-க்கு மேல் ஏற்றாமல் இறங்குவது நல்லது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுகொண்டது.

ஏன் இப்படி என்று வந்த பிறகு படித்துப் பார்த்தேன். என் காரில் நிறுவனமே கொடுத்த மேப் ஒன்று இருக்கிறது. அதற்கு பேட்டரி தெரியும். ஆனால் அதில் உள்ள சார்ஜர் பட்டியல் பழையது, போக்குவரத்து நெரிசலும் காட்டாது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் போனை இணைக்கிறோம். போன் மேப் திரையை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. பேட்டரிச் செலவு காட்டும் பக்கம் அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஒரே திரையில் இரண்டு அறிவாளிகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே கேபிள் இருக்கிறது. அந்த கேபிள் வழியே பாட்டு போகிறது, போன் பேச்சு போகிறது. பேட்டரியில் எத்தனை சதவீதம் என்ற எண் மட்டும் போகவில்லை.

இது முடியாத காரியம் இல்லை. ஃபோர்டு நிறுவனத்தின் மின்சார வண்டிகள் ஆண்ட்ராய்டு ஆட்டோ மூலம் பேட்டரி அளவை கூகுள் மேப்புக்குக் கொடுக்கும் என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். போய்ச் சேரும்போது எத்தனை சதவீதம் மிஞ்சும், வழியில் எங்கே நிறுத்தி ஏற்ற வேண்டும் என்பதை மேப்பே சொல்லிவிடும். ஐபோனைக் காரோடு இணைக்கும் கார்பிளே மூலமாக ஆப்பிள் மேப்பும் சில கார்களுக்கு இதைச் செய்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் எதிர்த்திசையில் போனது. இனி வரும் மின்சார கார்களில் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கிடையாது, எங்கள் திரையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று 2023-ல் சொல்லிவிட்டார்கள். பேட்டரி தெரிந்த மேப்தான் மின்சார காருக்கு வேண்டும் என்ற அவர்கள் வாதம் சரி. அதற்காக போனை வெளியே தள்ளுவதை நான் ஏற்கவில்லை. நிலக்கோட்டையில் இன்று திருவிழா, ரோடு அடைத்திருக்கிறது என்பது போனுக்குத்தான் தெரிகிறது. போன் பேட்டரியைத் தெரிந்துகொள்வதுதான் வழி. இங்கே கார் விற்கும் நிறுவனங்கள், புது மாடலில்தான் என்று சொல்லாமல், ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கும் மென்பொருள் அப்டேட்டில் இதைக் கொடுக்க முயல வேண்டும்.

அடுத்தது சார்ஜர். மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன், நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கு வைத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் சார்ஜர் இருக்கும் இடத்தைக் காட்டும் ஈ.வி. யாத்ரா என்ற இணையதளமும் செயலியும் வந்தன. நல்ல முயற்சிகள். ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டியது சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதோடு, இந்த நிமிடம் அது ஓடுகிறதா, காலியாக இருக்கிறதா, வெளியாட்களை விடுவார்களா என்பதும்தான். இந்த விவரம் இல்லாமல் இல்லை. இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு சார்ஜரும் தன் நிலையைத் தன் நிறுவனத்தின் கணினிக்குத் தெரிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. அது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. தம்பி மகன் போனில் இன்றைக்கு ஐந்து சார்ஜர் செயலிகள், ஐந்திலும் நூறு இருநூறு ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. யு.பி.ஐ.யில் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்தக் கடைக்கும் பணம் போட முடிகிறது. சார்ஜருக்கும் அப்படி ஒரு பொது ஏற்பாடு வர வேண்டும். அது வரும்வரை, ஓடுகிறதா இல்லையா என்ற ஒரு தகவலையாவது எல்லா மேப்புக்கும் திறந்துவிடச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை போனை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. எனவே என் பட்டறிவில் சில விஷயங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும் ஏற்றும், மேப்பைக் கார் திரைக்குக் கொண்டுவராது. டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். மலைப்பகுதியின் மேப்பை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத வளைவிலும் வழி தெரியும். முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் போனை வைத்தால் சூடேறி நின்றுவிடுகிறது, ஏ.சி. காற்று படும் இடத்தில் வையுங்கள். சார்ஜர் இருக்கும் இடத்துக்குக் கிளம்பும் முன் போன் செய்து, நேற்று யாராவது சார்ஜ் போட்டார்களா என்று கேளுங்கள். சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வண்டி ஓடும்போது ஓட்டுநர் கையில் போனை எடுக்கவே கூடாது. வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாமல் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதியே இருக்கிறது. தேடுவதையெல்லாம் பக்கத்து சீட்டில் இருப்பவர் செய்யட்டும்.

கடைசியாக, நம் மாநில அரசு நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போகிறோம். வண்டி எண்ணையும் தேதியையும் கொடுத்துத்தான் வாங்குகிறோம். மின்சார வண்டி என்று பதிகிறவருக்கு, அந்தத் தேதியில் மலையிலும் அடிவாரத்திலும் ஓடுகிற சார்ஜர்களின் பட்டியலை இ-பாஸோடு சேர்த்து அனுப்பலாம். 15 ஆம்பியர் பிளக் கொடுக்கச் சம்மதிக்கும் கடைகள், வொர்க்‌ஷாப்கள், விடுதிகளையும் யூனிட் விலையோடு அதில் சேர்க்கலாம். பெருமாள்மலை வொர்க்‌ஷாப்காரரிடம் கேட்டுவிட்டேன். தன் கடையைச் சேர்த்துக்கொள்ள அவருக்குச் சம்மதம். வெல்டிங் வேலை இல்லாத நேரத்தில் மட்டும் என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருநகர், மதுரை.