பறவைப் படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேடந்தாங்கல் சீசன் தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எடுத்த பறவைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். சந்தோஷம்தான். ஆனால் படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கிறது, எந்த செட்டிங்கில் எடுத்தார் என்றும் ஒரு வரி போடலாமே?

ஏன் கேட்கிறேன் என்றால், புதிதாக டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸ்) வாங்குகிற பிள்ளைகளிடம் யாராவது ஒருவர் 'ஐஎஸ்ஓ-வை 100-க்கு மேல் ஏற்றாதே, படம் புள்ளி புள்ளியாகிவிடும்' என்று சொல்லிவைத்துவிடுகிறார்கள். ஐஎஸ்ஓ என்பது கிடைக்கிற வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்கிற அளவு. 150-600 மி.மீ. லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துவாரம், பெரும்பாலும் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது). விடிந்து கொஞ்ச நேரமே ஆன வெளிச்சத்தில் அதோடு ஐஎஸ்ஓ 100-ம் வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 விநாடி பக்கம் போய் நிற்கும். அதில் பறக்கிற நத்தைகுத்தி நாரையை எடுத்தால் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள், அது நம் கை நடுக்கத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், பறவையின் இறக்கையை அதனால் நிறுத்த முடியுமா?

முதலில் ஷட்டரை முடிவு பண்ணுங்கள். பறப்பதற்கு 1/1600, 1/2000; கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தால் 1/500 கூடப் போதும். 1/100-லிருந்து 1/1600-க்குப் போக ஐஎஸ்ஓ 100 என்பது 1600 ஆக வேண்டும், ஆகட்டும். புள்ளிகளை அப்புறம் சாஃப்ட்வேரில் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம், கலங்கிப்போன பறவையின் கண்ணை அப்படிச் சரிசெய்ய முடியாது. மேனுவலில் ஷட்டரையும் அபர்ச்சரையும் வைத்துவிட்டு ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விட்டால் பாதி வேலையை கேமராவே பார்த்துக்கொள்ளும்.

மீதிப் பாதிதான் நம் வேலை. கரும்பச்சை மரத்துக்கு முன்னால் கொக்கு உட்கார்ந்திருந்தால், கேமரா மரத்தின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வரி ஒன்றுகூடத் தெரியாமல் கொக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கிற செட்டிங்கை) மைனஸ் 1 பக்கம் இறக்க வேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே கரண்ட் கம்பியில் கரிச்சான் மாதிரி கருப்புப் பறவை இருந்தால் நேர்மாறு, பிளஸ் 1 அல்லது அதற்கும் மேல். குளத்தில் உச்சி வெயிலில் தூரத்துப் பறவையை எடுக்கப் பார்ப்பவர்களுக்கு எந்த செட்டிங்கும் உதவாது, நடுவில் அலைகிற கானல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இதெல்லாம் பாடமாகச் சொன்னால் மண்டையில் ஏறாது, நல்ல படத்துக்குக் கீழேயே '600 மி.மீ., எஃப் 6.3, 1/2000, ஐஎஸ்ஓ 1600, காலை 7 மணி' என்று இருந்தால் பார்த்த உடனே புரியும். இடம் பெரிதாக ஆகாது, விளம்பரத்துக்கு விடுகிற ஓரத்தில் பாதிகூட வேண்டாம். ஒன்று மட்டும், கூட்டில் இருக்கிற பறவையின் படம் என்றால் எந்த ஊர், எந்த மரம் என்று போடாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த மரத்தடியில் கூட்டம் கூடிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுராந்தகம்