ஐயாவின் குறிப்பேடுகளைக் காத்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் இசையாசிரியர் ஐயா அவர்களின் ஸ்வரக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி தப்பிவிட்டது என்பதை இப்போதுதான் துணிந்து எழுத முடிகிறது. மழைவெள்ளம் சூழ்ந்த அந்த வாரத்தில் திருகோணமலையில் யார் யாருக்கு என்னென்ன போயிற்று என்பதை இதை வாசிக்கும் அனைவரும் அறிவீர்கள். வள்ளத்தையும் வயலையும் இழந்தவர்கள் நடுவே சில கொப்பிகளுக்காக நாங்கள் பட்ட பதைப்பைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்தக் கொப்பிகளுக்காக ஓடி வந்தவர்களிலும் பலர் தாமே இழந்தவர்கள் என்பதால், மாணவர்கள் சார்பில் இம்மடலை எழுதாமல் இருக்க இயலவில்லை.

ஐயாவை, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துபவராக மட்டும் அறிந்தோரே இவ்வூரில் அதிகம். அந்த வகுப்புகள் முடிந்த பின்னர்தான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். வர்ணங்கள், நாட்டியத்துக்கான பதவர்ணங்கள், திருகோணமலைக் கோயிலின் கோணேசர் மீதும் மாதுமை அம்மை மீதும் வெருகல் முருகன் மீதும் கீர்த்தனைகள் என இன்றுவரை அமைத்துக்கொண்டே இருக்கிறார். பண்டைத் தமிழிசையை ஆராயும், விபுலாநந்த அடிகளின் 1947ஆம் ஆண்டு யாழ் நூல் அவர் மேசையை விட்டு அகன்றதில்லை. திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தைப் புறநீர்மைப் பண்ணில் பாடியிருப்பதாலும், அப்பண் இன்று பூபாள ராகமாக வழங்குவதாலும், கோணேசர் மீதான தம் முதற் கீர்த்தனையை அவர் பூபாளத்திலேயே, மிஸ்ர சாபு தாளத்தில் அமைத்தார். ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகத்தில் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று அதைக் கற்றபோது வியந்தேன். இவற்றுள் ஒன்றுகூட அச்சேறவில்லை. கொப்பிதான் மூலம், கொப்பிதான் பிரதி.

அவை நனைந்துவிட்டன என்று தெரிந்ததும், நூல் பாதுகாப்புத் தெரிந்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: வெயிலில் விரிக்க வேண்டாம், பக்கங்களைப் பிரிக்கவும் வேண்டாம், அப்படியே உறைய வையுங்கள், உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, மையும் மேலும் பரவாது, பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து ஆறுதலாக உலர்த்தலாம். சொல்வது எளிது. மின்சாரமே இல்லாத ஊரில் உறைபெட்டிக்கு எங்கே போவது? அப்போதுதான் ஐயாவுக்கு வழமையாக மீன் கொண்டுவரும் கிண்ணியா நானாவின் நினைவு வந்தது. சங்கீதத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாக நாங்கள் எண்ணியதில்லை. விடயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, “உப்புத் தண்ணியா, மழைத் தண்ணியா?” என்பதே. மழைத் தண்ணீர் என்றதும், “அப்ப பரவாயில்ல, கொண்டு வாங்க” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தம் இரண்டு உறைபெட்டிகளில் ஒன்றிலிருந்த மீனை எல்லாம் மற்றதற்கு மாற்றிவிட்டு, வெறுமையான பெட்டியைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக்கொண்டிருந்தார். “சாமிப் பாட்டு எண்டு சொல்றீங்க, மீன் மணம் புடிச்சிட்டா சேர் எப்படித் தொடுவாரு?” என்றார். நாங்கள் எவரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பின்னர் புதிய பொலித்தீனை அடியில் விரித்து, ஒவ்வொரு கொப்பியையும் தனித்தனியே சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி நிறுத்தி அடுக்கினார். இரவுகளில் அவருடைய ஜெனரேட்டர் ஓடியது. மற்றப் பெட்டியில் கொள்ளாமல் போன மீனை அன்றே விலை குறைத்து விற்றதை அவர் சொல்லவில்லை, பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். டீசல் காசைக் கொடுக்கப் போனபோது, “சேர்ட மகள் மாதிரி இருக்கீங்க, காசக் காட்டாதீங்க” என்று முகம் சுளித்தார். அவரிடம் நேரில் சொல்ல முடியாத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

உலர்த்திய பின் வாசிப்பது வேறொரு போராட்டம். பழைய கொப்பிகளில் மைப்பேனையால் எழுதிய ஸ்வரங்கள் கரைந்து போயிருக்க, பென்சிலால் போட்ட தாளக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. ஸ்வரத்தின் மேல் புள்ளி இருந்தால் உயர்ந்த குரலில் பாடும் தார ஸ்தாயி, கீழே இருந்தால் தாழ்ந்த குரலில் பாடும் மந்திர ஸ்தாயி. பூஞ்சணமும் புள்ளியாகத்தான் விழுகிறது. ஓரிடத்தில் குரலுக்கு எளிதில் எட்டாத வகையில் வரிசையாகத் தார பஞ்சமங்கள் தெரிந்தன. மூதூரில் இருக்கும் மூத்த மாணவி ஒருவர் அந்த அடியைத் தொலைபேசியில் பாடிக் காட்டியதும் அத்தனை புள்ளிகளையும் அழித்தோம்.

இப்படிப் பாடித் தந்தவர்கள், ஒற்றுத்தாள் தேடித் தந்தவர்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், முழங்கால் அளவு தண்ணீரில் கொப்பிகள் இருந்த பெட்டியைத் தலையில் சுமந்து வந்த முச்சக்கரவண்டிக்காரத் தம்பி, அனைவருக்கும் எங்கள் நன்றி. இனி ஐயாவின் எந்த உருப்படியும் ஒரே கொப்பியில் தங்காது. எழுதிய கிழமையிலேயே மூன்று இடங்களில் பிரதி வைப்பதாக மாணவர்கள் பொறுப்பேற்றுள்ளோம்.

பூபாளக் கீர்த்தனையின் மூன்றாம் சரணம் மட்டும் மீளவில்லை. ஐயாவோ, “போனாப் போகட்டும், வேற ஒண்டு போடுவம்” என்று புதிய சரணத்துக்கு மெட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பழையதைக் கற்றவர் எவரேனும் இருந்தால் அருள்கூர்ந்து வந்து பாடிக் காட்டுங்கள். இரண்டையும் எழுதி வைப்போம்.

மாணவர்கள் சார்பில்,
திருகோணமலை