துருக்கி வார்த்தைக்குத் தமிழ்லயே அர்த்தம் போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல துருக்கி மொழியில அடிக்கிறது, இடிக்கிறது, தட்டுறதுக்கு உள்ள வார்த்தைகளைப் பட்டியல் போட்டு எதிர்ல ஹிட், பீட், பவுண்ட், ஹேமர்னு இங்கிலீஷ் அர்த்தம் மட்டும் குடுத்திருந்தீங்க. துருக்கி படிச்சிட்டு இருக்கிறவ நான், ஆசையாத்தான் வாசிச்சேன், ஆனா தமிழ் பேப்பர்ல எதுக்கு இங்கிலீஷ் வழியா சுத்திப் போகணும், நேராத் தமிழ்ல சொன்னா பாதி வார்த்தை சட்டுனு மண்டையில ஏறிடுமே.

சால்மாக்கை எடுத்துக்கோங்க. நாக்னு போட்டு முடிச்சிட்டீங்க. கதவு தட்டுறது அதுதான், சரி. ஆனா பெல் அடிக்கிறது, டிரம்ஸ் அடிக்கிறது, பஸ்ல ஒருத்தன் பர்ஸை அடிக்கிறது எல்லாத்துக்கும் அவங்களுக்கு இந்த ஒரே வினைதான்! இங்கிலீஷ்ல படிச்சா ரிங், ப்ளே, ஸ்டீல்னு மூணையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும், நமக்கு "அடி" ஒண்ணு போதும். சார்ப்மாக்னா மோதுறது, கரண்ட் அடிச்சாலும் அதையேதான் சொல்லுவாங்க, கணக்குல பெருக்குறதும் அதுதான். வுர்மாக் கையால அடிக்கிறது, துப்பாக்கியால சுடுறது, புதுச் செருப்பு காலைக் கடிக்கிறதும் கூட, அதை ஹிட்னு மட்டும் போட்டா யாருக்குப் புரியும்?

டொவ்மெக்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆளைப் போட்டு அடிக்கிறது, கொல்லன் காய்ச்சின இரும்பை அடிக்கிறது, உரல்ல போட்டு இடிக்கிறது எல்லாம் இதுல அடங்கும். கல்யாணத்துக்கு கெஷ்கெக்னு கோதுமையும் கறியும் சேர்த்துக் குழைய ஆக்குவாங்க, அதுக்கான கோதுமையைப் பெரிய கல் உரல்ல கொட்டி, டவுல் மேளமும் ஜுர்னாங்கிற நாயனம் மாதிரி ஊதுகுழலும் முழங்க, ரெண்டு மூணு பேர் சுத்தி நின்னு தொக்மாக்னு சொல்ற கொட்டாப்புளியால தாளம் தப்பாம மாத்தி மாத்திப் போட்டு உமி நீக்குவாங்க, 2011ல யுனெஸ்கோ பட்டியல்லயே இந்த வழக்கம் சேர்ந்தாச்சு. வீண் வேலை பாக்கிறவனை "உரல்ல தண்ணிய இடிக்கிறான்"னு அங்க சொல்றதும் இதே டொவ்மெக்கை வெச்சுத்தான்.

அடுத்த பட்டியல்ல தமிழ் அர்த்தத்துக்குன்னு ஒரு தனி வரிசை போடுங்க, கூடவே வார்த்தைக்கு ஒரு வாக்கியமாவது குடுங்க, எதை எதோட சேர்த்துச் சொல்லணும்னு அதுலதான் தெரியும்.

இப்படிக்கு,
துருக்கி படிக்கும் ஒரு வாசகி,
மதுரை