செயலாளர் ஆண்டறிக்கை: ஜமாஅத் எதுவரை, நீதிமன்றம் எங்கிருந்து

பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

வரவு செலவு, கல்வி உதவி, மையவாடி (அடக்கத்தலம்) சுவர் வேலை ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு ஜமாஅத்துகள் (பள்ளிவாசலைச் சார்ந்த ஊர் அமைப்புகள்) சங்கத்திடம் அதிகம் கேட்டது ஒரே விஷயம்: தலாக் (கணவர் சொல்லும் மணமுறிவு) அல்லது குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) செல்லுமா என்று முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு? பள்ளிவாசல் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்துக்கா, அரசு நியமிக்கும் மார்க்க அலுவலரான காஜிக்கா, நீதிமன்றத்துக்கா?

அரசு நியமிக்கிறது, முத்திரையும் இருக்கிறது என்பதால் காஜி தீர்ப்புச் சொல்லலாம் என்று பலர் நம்புகிறார்கள். 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு அவருக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்றே சொல்கிறது. நிக்காஹுக்கு அவர் வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து, நீதிமன்ற நடவடிக்கைகளில் அதற்குச் சட்ட மதிப்பில்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஃபத்வா (மார்க்க அறிஞர் தரும் கருத்து) யாரையும் கட்டுப்படுத்தாது என்பதை உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது.

தலாக் எங்கே கவிழ்கிறது? மனைவி மறுக்கும் இடத்தில். 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா தீர்ப்புப்படி தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும். அதற்கு முன் இரு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொரு நடுவர் அமர்ந்து சமரசம் பேசியிருக்க வேண்டும். "எப்போதோ சொல்லிவிட்டேன்" என்று பதில் மனுவில் எழுதினால் அது தலாக் ஆகாது. மனைவி மறுத்தால் தலாக் செல்லும் என்ற விளம்புகையை (அறிவிப்புத் தீர்ப்பை) கணவர் நீதிமன்றத்தில் பெற வேண்டும், அதுவரை திருமணம் நீடிக்கிறது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. கணவரே தன் வழக்குக்கு நீதிபதி ஆக முடியாதல்லவா?

ஆகவே ஜமாஅத் செய்ய வேண்டியது பதிவு. சமரச அமர்வு ஒவ்வொன்றின் தேதி, நடுவர் பெயர்கள், சொல்லப்பட்ட காரணம், இரு தரப்புக் கையெழுத்து ஆகியவை தப்தரில் (பதிவேட்டில்) ஏற வேண்டும். ஒரு தரப்பு வர மறுத்தால், அழைப்பு அனுப்பிய தபால் ரசீதையும் சேர்ப்பித்த அத்தாட்சியையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். பின்னாளில் வழக்கில் நிற்பது அந்தப் பக்கம்தான், லெட்டர்பேடில் அடித்த சான்றிதழ் அல்ல. ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக்கை எந்த நிர்வாகியும் பதிவு செய்யக்கூடாது. 2019ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் (திருமண உரிமைப் பாதுகாப்பு) சட்டப்படி அது செல்லாது. சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை.

குலா விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. நீதிமன்றத்துக்கு வெளியே பெண் குலா பெறுவதை கேரள உயர் நீதிமன்றம் 2021இல் ஏற்றது. குலாவுக்கு முஃப்தியின் (ஃபத்வா தரும் அறிஞரின்) சான்று கட்டாயமில்லை, அவர் பங்கு ஆலோசனை மட்டுமே என்று 2025இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023இல் ஷரீஅத் கவுன்சில் என்ற தனியார் அமைப்பு தந்த குலா சான்றிதழை ரத்து செய்து, தம்பதியைச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கோ குடும்ப நீதிமன்றத்துக்கோ போகச் சொன்னது. எது சரி என்ற வாதம் மத்ரஸாவிலும் பார் கவுன்சிலிலும் நடக்கட்டும். தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இன்று பாதுகாப்பான வழி குடும்ப நீதிமன்ற ஆணைதான்.

கணவர் இணங்காவிட்டால் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது: நான்கு ஆண்டு தகவலே இல்லை, இரண்டு ஆண்டு ஜீவனாம்சம் தரவில்லை, கொடுமை எனப் பல காரணங்கள். ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட வழிமுறை; மாலிகி, ஷாஃபிஈ ஆகியவையும் அப்படியே) பெண் பிரிவதற்கான வழி குறுகலாக இருந்ததால், மௌலானா அஷ்ரஃப் அலி தானவி போன்ற உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) மாலிகி கருத்தை எடுத்துக்கொடுத்துப் பிறந்த சட்டம் அது. தீர்ப்பு வழங்குபவர் முஸ்லிம் நீதிபதியாக இருக்க வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையை மட்டும் மத்திய சட்டசபை நீக்கிவிட்டது. காஜியா கோர்ட்டா என்ற இன்றைய இழுபறியில் பாதி அன்றே முடிந்த கதை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களுக்கும் இதே சட்டம்தான்.

ஜீவனாம்சத்தில் குழப்பம் குறைந்திருக்கிறது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களுக்கென 1986 சட்டம் தனியே இருந்தாலும் தலாக் ஆன பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144. இத்தா காலத்துக்கு (மணமுறிவுக்குப் பின் பெண் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலத்துக்கு) மட்டும் கொடுத்துக் கணக்கை முடிக்கும் ஒப்பந்தங்களை ஜமாஅத்துகள் எழுதித் தர வேண்டாம்.

உறுப்பு ஜமாஅத்துகள் அச்சிட்டு வைத்திருக்கும் "தலாக் சான்றிதழ்" படிவங்களைத் திரும்பப் பெற்று, சமரசப் பதிவேட்டுப் படிவம் வழங்கும் தீர்மானத்தை நிர்வாகக்குழு சார்பில் முன்வைக்கிறேன். அச்சுச் செலவைச் சங்கமே ஏற்கும்.

செயலாளர்